வாத்து வக்கீலும் கடைசி சீட்டுக்காரரும்

என் சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சௌகரியம்தான், உனக்கும் அப்படியே இருக்க வேண்டும். மனசு சௌகரியம்தான் இந்த வீட்டில் ஒரு வாரமாக முன்னே பின்னே இருக்கிறது, அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் நான் போனைக் கையில் எடுத்ததுமே உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று காதை நீட்டுவார். செய்தியாகத் தட்டி அனுப்பலாம் என்றால் என் போனுக்கு அவர்தான் காவல்காரர். அதனால் கண்ணாடிக் கடையில் ஆள் வராத மத்தியான நேரமாகப் பார்த்து, கண் பரிசோதனை அறைக்குள் புகுந்து எழுதுகிறேன். முதலாளி கேட்டால் லென்ஸ் துடைக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அக்கா வீட்டில் எல்லோரும் நலம், பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, விழுந்த பல்லைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பி ஒட்டச் சொல்லி இரண்டு நாள் ஆர்ப்பாட்டம். நம் கட்டட லிஃப்டையும் சரிபண்ணிவிட்டார்கள், இப்போது மேலே போகிறது, கீழே வரத்தான் யோசிக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அப்பா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போன் பண்ணி அழுதுகொண்டே சொன்னாயே, ‘கடைசி சீட்டுக்காரன்’ என்ற பெயரில் ஒருத்தன் வாரா வாரம் இணையத்தில் நீ வேலை செய்கிற கார்ட்டூன் படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டுகிறான், அதை உங்கள் ஆபீஸில் யாரோ அச்செடுத்துக் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்கள், காபி குடிக்க வருகிறவர்கள் எல்லாம் படித்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள், வேலையை விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன் என்று. அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. பதறாமல் உட்கார்ந்து படி. அவன் நம் வீட்டில்தான் இருக்கிறான். தினமும் நான் வைக்கிற சூப்பைக் குடித்துவிட்டு உப்பு கம்மி என்று சொல்லிவிட்டுப் போகிறான். இனிமேல் ‘அவன்’ என்று எழுதினால் மரியாதை இல்லை, உன்னைப் பெற்றவர் ஆயிற்றே.

உடனே அவர் மேல் கோபப்படாதே. இதில் பாதிப் பங்கு நம் இரண்டு பேருக்கும் உண்டு. நீ படம் வரைகிற பிரிவிலிருந்து கதை எழுதுகிற பிரிவுக்கு மாறியபோது, “அப்பாகிட்ட இப்ப சொல்லாதேம்மா, படம் நல்லாப் போகட்டும், அப்புறம் நானே சொல்றேன்”னு என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாய், நானும் வாயைத் தைத்துக்கொண்டேன். அதனால் அவர் நினைப்பில் நீ இன்னும் மேகமும் மரமும் வரைந்துகொண்டிருக்கிறாய், கதையைக் கோட்டு போட்ட எவனோ ஒருத்தன் எழுதுகிறான். முதல் பாகம் வந்த அன்று அவர் பண்ணின அமர்க்களத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கட்டடத்தில் ஒரு கதவு விடாமல் தட்டி, “எம் பொண்ணு வேலை செய்ற படம், பழைய வாத்து வக்கீல் திரும்ப வருது”ன்னு சொல்லி, நாற்காலி பத்தாமல் கட்டிலை எல்லாம் கூடத்துக்கு இழுத்துவிட்டார். மேல்வீட்டு வங்கி மேனேஜர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார், முனைச் சலவைக்கடை அம்மா கடையை மூடிவிட்டு வந்தாள். படம் முடிந்தது. மேனேஜர் தொண்டையைக் கனைத்து, “படம் பளபளன்னு இருக்கு”ன்னார். சலவைக்கடை அம்மாதான் மனசில் பட்டதை வைத்துக்கொள்ள மாட்டாளே, “ஏங்க, அந்த வாத்து ஏன் இப்படி இளைச்சுப் போச்சு, உடம்புக்கு ஏதாவதா?”ன்னு விசாரித்தாள். அப்பா அத்தனை பேருக்கும் பிஸ்கட்டை நீட்டிக்கொண்டு, “மேகத்தைப் பாத்தீங்களா, மேகத்தைப் பாத்தீங்களா”ன்னு சுற்றிச் சுற்றி வந்தார்.

அதற்கப்புறம் வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் துணி காயப்போடுகிற பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் கிசுகிசு என்று பேச ஆரம்பித்தார். இத்தனை வயசுக்கு மேல் இதென்ன கூத்து என்று எனக்குச் சந்தேகம். ஒரு நாள் காயாத துண்டை எடுக்கப் போகிற சாக்கில் கதவோரம் நின்று கேட்டேன். “வாத்துக்கு எதற்கு மனநல ஆலோசகர் கேள்விக்குறி. நரியை நரியாக விடுங்கள் முற்றுப்புள்ளி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரிடம் பேசினாலும் முற்றுப்புள்ளி வைத்துப் பேசுகிறவர் இல்லை உன் அப்பா, அது எனக்குத் தெரியும். விரலால் தட்ட வராது என்பதால் போனிடம் வாயால் சொல்ல, அது எழுதிக்கொள்கிறது. வேறு ஒன்றும் இல்லை என்று நிம்மதியாகப் போய்விட்டேன். ஊருக்கு எழுதுகிறார், எழுதட்டும், ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது, முப்பது வருஷம் பஸ்ஸில் ஏறி டிக்கெட் இல்லாதவனைப் பிடித்த மனுஷருக்கு இப்போது வாத்து மாட்டியிருக்கிறது என்று நினைத்தேன். நீ அந்தப் பெயரைச் சொல்லி அழுத பிறகுதான் எனக்கு உறைத்தது. டிக்கெட் பரிசோதகர் எப்போதும் பஸ்ஸில் கடைசி சீட்டில்தானே போய் உட்காருவார்.

அவர் எழுதினது எல்லாவற்றையும் இப்போது படித்துவிட்டேன். அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நியாயம் என்றும் சொல்ல மாட்டேன். பழைய வாத்து வக்கீலுக்குத் தொந்தி உண்டு, கோணல் டை உண்டு, பொய் சொல்லும், கட்சிக்காரன் கொண்டுவந்த தின்பண்டத்தை வழக்கு ஆரம்பிக்கும் முன்பே தின்றுவிடும், ஒரு வழக்கிலும் ஜெயிக்காது, எருமை நீதிபதி தூங்கி எழுந்து தீர்ப்பைத் தப்பாகச் சொல்லும். உன் வாத்து காலையில் எழுந்து ஓடுகிறது, வாதாடும் முன் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடுகிறது, எல்லா வழக்கிலும் ஜெயிக்கிறது. நீதிபதி தூங்குவதே இல்லை, தூங்கினால் பிள்ளைகளுக்குத் தப்பான முன்மாதிரியாம். நரி ஏன் கெட்டுப்போனது என்று விளக்க மூன்று பாகம் ஆகிறது. சின்ன வயசில் யாரும் விளையாடச் சேர்த்துக்கொள்ளவில்லையாம், பாவம். கடைசியில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து அவரவர் மனசில் என்ன தோன்றியது என்று முறை வைத்துச் சொல்கிறார்கள். அந்த வட்டம் மேலிடத்து உத்தரவு என்று நீ சொன்னாய், சரிதான், ஆனால் வட்டம் வந்ததும் நான் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுகிறேன் என்பதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன்.

இதையும் கேள். பழையதை எல்லாரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்களே என்று ஞாயிற்றுக்கிழமை அப்பாவை உட்கார வைத்து நாலைந்து பாகம் பார்த்தோம். வாத்து ஓடுகிறது, ஒரு மரம், ஒரு தபால் பெட்டி, மறுபடி அதே மரம், அதே தபால் பெட்டி, ஊரில் வேறு ஒன்றுமே கிடையாது. நீலக் கோட்டோடு கதவுக்குள் போய்ப் பச்சைக் கோட்டோடு வெளியே வருகிறது. எல்லாருக்கும் ஒரே ஆள்தான் குரல், வாத்தும் நரியும் சண்டை போட்டால் நடுவில் அந்த மனுஷன் மூச்சு வாங்குவது கேட்கிறது. ஒரு கதையில் ஆட்டுக்குட்டி வாலில் தகரடப்பாவைக் கட்டி ஓடவிடுகிறார்கள், அது அழுகிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவோ ஜோக் வரும் முன்பே சிரித்துவிடுகிறார், அப்புறம் ஜோக் வந்ததும் இதுவா என்பது மாதிரி பார்க்கிறார். நடுவில் பாப்பா வந்தாள். யாருக்காக இந்த உலகமே அடித்துக்கொள்கிறதோ அந்த மகாராணியிடமே கேட்டுவிடலாம் என்று பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று போட்டுக் காட்டினோம். இரண்டையும் பாதியிலேயே விட்டுவிட்டு, அக்கா போனை வாங்கி, யாரோ ஒருத்தர் அழுக்குக் கம்பளம் கழுவுவதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். “எதும்மா நல்லா இருக்கு?”ன்னு அப்பா கெஞ்சிக் கேட்டதற்கு, “தண்ணி கறுப்பா வருது தாத்தா”ன்னாள்.

இனிமேல் மறைத்துப் பயனில்லை என்று மறுநாள் அவர் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். சத்தியத்தை மீறினதற்கு என்னை மன்னித்துவிடு. கதை எழுதுவது நம் சின்னவள்தான், அத்தனையும் அவள்தான், நீங்கள் எழுதினதைப் படித்து வேலையை விடப் போகிறாள் என்றேன். கையில் இருந்த தலையணை உறையை மடிக்கிறார், விரிக்கிறார், மறுபடி மடிக்கிறார். முதலில் கேட்டது என்ன தெரியுமா? “அப்போ மேகம் யாரு போட்டது?” புதுசாக வந்த யாரோ ஒரு பையன் என்றேன். “எவனோ ஒருத்தன் மேகத்தையா இத்தனை வாரமா நான் புகழ்ந்தேன்?”னு தலையில் கை வைத்துக்கொண்டார். தன் குஞ்சைக் கொத்திவிட்டுக் குயில் குஞ்சைக் கொஞ்சின காக்கை மாதிரி ஆயிற்று அவர் கதை. ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்டால், “எம் பொண்ணு கஷ்டப்பட்டு வரையறா, இவனுங்க கதை அதைக் கெடுக்குதேன்னு ஆத்திரம்டி, நாலு பேர் சொன்னாத்தான் அவனுங்களுக்கு உறைக்கும்னு நெனச்சேன்”னார். உனக்காகத்தான் உன்னையே அடித்திருக்கிறார்.

அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் பரிகாரம் பண்ணுகிறேன் என்று பால்கனிக்குப் போய், இந்த வாரப் பாகம் அற்புதம், கதாசிரியருக்குப் பாராட்டு ஆச்சரியக்குறி என்று சொல்லிப் போட்டுவிட்டார். வந்ததே வினை. இத்தனை நாள் அவரைத் தலைவா என்று கொண்டாடினவர்கள் எல்லாம் ஒரே நாளில் திரும்பிவிட்டார்கள். கம்பெனியில் காசு வாங்கிவிட்டான், கிழவன் விலைபோய்விட்டான், இது பழைய ஆளே இல்லை வேறு எவனோ அதே பேரில் எழுதுகிறான் என்று ஆயிரம் பேச்சு. கடைசி சீட்டுக்காரனும் முன்னைப் போல் இல்லை, பழசுதான் நன்றாக இருந்தது என்று ஒருத்தன் எழுதியிருந்ததைப் படித்து நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. “யாருன்னே தெரியாதவன், என் மூஞ்சியக்கூடப் பாக்காதவன், என்னை இப்படிப் பேசறானே, தூக்கமே வரலைடி”ன்னார். சின்னவளுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று நான் சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் எல்லாவற்றையும் அழிக்கிறேன் என்று கிளம்பினார், நான்தான் வேண்டாம் என்றேன். ஏனென்றால் ஏழாம் பாகத்துக்கு, உண்மை எதுவும் தெரியாத நாளிலேயே, ‘இந்த வாரம் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை, இந்த எழுத்தாளருக்குக் கை வந்துவிட்டது’ என்று எழுதியிருக்கிறார். அதை யாரும் அச்செடுக்கவில்லை, காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டவும் இல்லை, உனக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். புகழ்ச்சிக்குக் கால் கிடையாது, வசவுக்குத்தான் இறக்கை. மகள் என்று தெரியாமல் அவர் வாயிலிருந்து வந்த நல்ல வார்த்தை அது. உப்பு சரியாக இருக்கிறது என்று இந்த மனுஷர் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை என்பதை நினைத்துப் பார், அதன் விலை உனக்குத் தெரியும்.

இன்னொன்று. ஒன்பதாம் பாகத்தில் வாத்தின் அப்பா தினமும் பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்கிறாரே, வாத்து பஸ்ஸிலிருந்து இறங்கினதும் ‘உன்னைக் கூப்பிட வரவில்லை, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்’ என்று சொல்லிவிட்டு நாலடி முன்னால் நடக்கிறாரே, அதற்கு அவர், ‘இப்படி ஓர் அப்பன் உலகத்தில் எங்கேயும் கிடையாது, நம்பும்படி இல்லை’ என்று தீர்ப்பு எழுதியிருந்தார். நேற்று அந்தப் பாகத்தை மறுபடி போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, இது யாரென்று தெரிகிறதா என்று கேட்டேன். பார்த்தார். மூக்கைச் சிந்தினார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார், லென்ஸ் கீறிவிடும் என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அப்புறம் எழுந்து, “அவ டியூஷன் விட்டு வர்ற நேரத்துக்கு எனக்கு நெசமாவே அந்தப் பக்கம் வேலை இருந்துச்சுடி”ன்னு சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போனார். இந்தத் தடவை போனைக் கூடத்திலேயே வைத்துவிட்டுத்தான் போனார்.

வேலையை விடுவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம் கண்ணு, கதை எழுதப் பிடிக்காமல் விட்டால் விடு, யாரோ எழுதினதற்காக விடாதே, அந்த யாரோவுக்கு நான் இங்கே சூப் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, திரையை மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்க்காதே, கண் பவர் எவ்வளவு என்று எழுதி அனுப்பு, முதலாளியிடம் சொல்லி நல்ல ஃபிரேமாகப் பார்த்துப் போட்டு அனுப்புகிறேன். நீ தொட்டது எல்லாம் துலங்கட்டும், நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் இரு. ஞாயிற்றுக்கிழமை காலை மறக்காமல் போன் பண்ணு, அப்பாதான் எடுப்பார், முதலில் கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசுவார், பொறுத்துக்கொண்டு கேள்.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அம்மா