நாப்போலியில் போன இருபது பவுண்

3 ஆகஸ்ட் 1954, செவ்வாய். முல்லைத்தீவு

கொழும்பிலிருந்து செலாவணிக் கட்டுப்பாட்டுக் கந்தோரின் கடிதம் வந்துவிட்டது. எங்கள் இருவருக்குமாக அறுபது இங்கிலீஸ் பவுண். அதற்குமேல் ஒரு பென்ஸ்கூடக் கிடையாது. ரூபாத் தாள் மடியில் இருந்தால் சுங்கத்தில் பறித்துவிடுவார்களாம். நாப்போலியில் இறங்கி ஜெனோவாவில் திரும்ப ஏறும் கப்பல் டிக்கட்டையும், இடையிலுள்ள றெயிலையும் ரூபாவில் கட்டியாயிற்று. மற்றதெல்லாம் இந்த அறுபதுக்குள்.

கணக்குப் போட்டேன். கப்பலில் சில்லறைச் செலவு நான்கு. உரோமாபுரியில் கன்னியர் மடத்தில் தங்க, சாப்பிட, பதினாறு. ஜெனோவாவிலிருந்து லூர்துக்கு ஆளுக்குப் பதினான்காக இருபத்தெட்டு. ஜெனோவாவில் கப்பலுக்குக் காத்திருக்க எட்டு. மிச்சம் நான்கு. நான்கு பவுணில் ஒரு நோய் வந்தால்? ஒரு பெட்டி தொலைந்தால்?

என் மனைவி அற்புதம் குசினியிலிருந்து கேட்டாள்: "லூர்துக்குக் காணுமோ?"

"காணும். நீர் யோசியாதையும்" என்றேன்.

அவளுக்கு உரோமாபுரி, நாப்போலி எதுவும் பொருட்டில்லை. ஆறு வருடத்துக்கு முன் எங்கள் மகள் திரேசம்மா நெருப்புக் காய்ச்சலில் கிடந்தபோது பிரான்சிலுள்ள லூர்துக்கே வருவதாக மாதாவுக்கு வைத்த நேர்த்தி. திரேசம்மா எழும்பி, கல்யாணமாகி, மன்னாரில் குடித்தனம் நடத்துகிறாள். நேர்த்தி மட்டும் நிற்கிறது. போஸ்ட்மாஸ்டர் வேலையிலிருந்து நான் ஓய்வுபெற்றபோது கிடைத்த மொத்தப் பணத்தில் பாதி இதற்குத்தான்.

12 ஆகஸ்ட், வியாழன். கொழும்பு, கப்பல்

ஏறிவிட்டோம். யாழ்ப்பாண ஆயரின் மேற்றிராசனத்திலிருந்து யாத்திரை போகிறவர்கள் இருபத்திரண்டு பேர். கூட்டிப்போகிறவர் ஒரு சுவாமியார். எங்களூரிலிருந்து, மீன்பிடி வள்ளங்கள் வைத்திருக்கும் சம்மாட்டி யாக்கோப்பும் அவர் மனைவி அருளம்மாவும். சுங்கத்தில் என் பையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் வியர்த்தது.

பயணச் செக்குகள் ஐந்து பவுண் வீதம் பன்னிரண்டு. இடுப்பில் கட்டிய அரைப் பட்டியில் உள்ளன. குளிக்கும்போது எங்கே வைப்பது?

16 ஆகஸ்ட்

கடல் கொந்தளிப்பு. அற்புதத்துக்கு ஒன்றுமில்லை, கடற்கரையில் பிறந்தவள். எனக்குத்தான் தலை நிற்கவில்லை. மேல்தட்டில் வெள்ளைக்காரர் கதிரையில் சாய்ந்து, எலுமிச்சைத் தண்ணீர் குடித்து, கையெழுத்து மட்டும் வைக்கிறார்கள். காசு யாரும் காட்டுவதில்லை. நான் ஒரு முத்திரை வாங்கவும் பட்டியை அவிழ்க்கிறேன்.

20 ஆகஸ்ட். ஏடன்

யாக்கோப்பு கரைக்குப் போய் ஒரு மணிக்கூடு வாங்கி வந்தார். கொழும்பு விலையோடு பார்த்தால் எட்டுச் சிலிங் மிச்சமாம். நான் இறங்கவில்லை.

25 ஆகஸ்ட். போட் சயிட்

யாக்கோப்பு ஒரு கதை கொண்டுவந்திருக்கிறார். கப்பலின் இத்தாலியச் சமையற்காரன் சொன்னானாம்: நாப்போலியில் வங்கி ஒரு பவுணுக்கு ஆயிரத்து எழுநூற்றிருபது லீராதான் கொடுக்கும், தெருவில் ஆயிரத்துத் தொளாயிரத்தைம்பது வரை கிடைக்கும், ஆனால் செக் எடுக்கமாட்டார்கள், பவுண் தாளாக இருக்கவேண்டும்.

"நீங்கள் மாத்தப் போறீங்களோ?" என்று கேட்டேன்.

"எனக்கேன் வில்லங்கம், மாஸ்டர்? நான் வங்கியிலைதான்" என்றார்.

இருபது பவுண் மாற்றினால் நாலாயிரத்து அறுநூறு லீரா கூட வரும். இரண்டரைப் பவுணுக்குமேல். என் நான்கு பவுண் மிச்சம் ஏறக்குறைய ஏழாகும்.

27 ஆகஸ்ட்

கப்பல் காசாளரிடம் நான்கு செக்கைக் கொடுத்து இருபது பவுண் தாள்களாக வாங்கினேன். அற்புதத்திடம் சொல்லவில்லை. அவளுக்கு விளங்கப்போவதில்லை.

29 ஆகஸ்ட், ஞாயிறு. நாப்போலி

போச்சு. எல்லாம் போச்சு.

எழுதினால்தான் மனம் ஒரு நிலைக்கு வரும். பூசை முடிந்து மற்றவர்கள் கோயிலைச் சுற்றிப் பார்க்க நின்றார்கள். தபாற்கந்தோரைப் பார்த்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் துறைமுகத் தெருவுக்குப் போனேன். நல்ல உடுப்புப் போட்ட ஒரு மனிதன், ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் சிலுவை. ஆயிரத்துத் தொளாயிரத்தைம்பது என்று கடதாசியில் எழுதிக் காட்டினான். என் கண் முன்னாலேயே முப்பத்தொன்பது ஆயிர லீராத் தாளையும் எண்ணினான். நானும் வாங்கி எண்ணினேன். சரி. திரும்ப வாங்கி நூலால் கட்டித் தந்து, என் இருபது பவுணை வாங்கிக்கொண்டான். அப்போது எவனோ "பொலிஸ்" என்று கத்தினான். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

கோயில் படிக்கு வந்து அவிழ்த்தேன். மேலே இரண்டு தாள், கீழே ஒரு தாள். நடுவில் அளவாக வெட்டிய பத்திரிகைக் கடதாசி.

முப்பத்தொரு வருடம் தபாற்கந்தோரில் மற்றவர்களுடைய காசை எண்ணினேன். ஒரு சதம் பிசகவில்லை. எத்தனை பேருக்கு முன்னால் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்! பொலிசில் போய் என்ன சொல்வது — தெருவில் காசு மாற்றப் போனேன் என்றா?

அற்புதம் முகத்தைப் பார்த்துவிட்டாள். "என்ன, வெய்யில் பட்டிட்டுதோ?"

ஓம் என்றேன்.

31 ஆகஸ்ட். உரோமாபுரி

கணக்கை ஆறுதரம் போட்டேன். அந்த மூன்று நல்ல தாளையும் சேர்த்து, உரோமாபுரிச் செலவு போனால் ஏறக்குறைய இருபத்திரண்டு பவுண்தான் மிஞ்சும். லூர்துக்கு இருபத்தெட்டு. கடன் கேட்கலாமென்றால் யாரிடம்? எல்லாரும் அரசாங்கம் அளந்து கொடுத்த காசோடு வந்தவர்கள். கேட்டால் ஏனென்று சொல்லவும் வேண்டும்.

இன்று மத்தியானம் அற்புதத்திடம் சொல்லிவிட்டேன். உண்மையை அல்ல.

"இங்கிலீஸ் பவுணின்ரை விலை விழுந்துபோச்சு, அற்புதம். லூர்துக்குக் காசு காணாது."

"திடீரெண்டு விழுமோ?" என்று மட்டும் கேட்டாள்.

"விழும். அது உலக வியாபாரம்."

தலையை ஆட்டினாள். நான் சொல்வதை அவள் முப்பது வருடமாக நம்பி வந்திருக்கிறாள். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

2 செப்டெம்பர்

அற்புதம் சாப்பாடு குறைத்திருக்கிறாள். என் தட்டில் பாதியை வைத்துவிட்டு "பசிக்கேல்லை" என்கிறாள். நாளாந்தக் கட்டணத்தில் அது மிச்சமாகாது என்று அவளுக்கு விளங்கவில்லை. நான் அந்தப் பாதியையும் சாப்பிட்டேன்.

4 செப்டெம்பர்

பாப்பரசரின் இராயப்பர் கோயில். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

7 செப்டெம்பர், செவ்வாய்

காலைச் சாப்பாட்டு மேசையில் நடந்தது. அற்புதம் அருளம்மாவிடம் ஆதரவாக, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "பவுண் விலை விழுந்ததிலை உங்களுக்கும் கஷ்டமோ? நீங்கள் லூர்துக்கு என்னண்டு சமாளிக்கிறியள்?"

அருளம்மா தன் மனிசனைப் பார்த்தா. யாக்கோப்பு பாணைக் கீழே வைத்தார்.

"பவுண் விலை விழுந்ததோ? நேத்தும் வங்கியிலை அதே விலைக்குத்தானே மாத்தினனான். மாஸ்டர், ஆர் உங்களுக்குச் சொன்னது?"

நான் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டேன். அற்புதம் பின்னால் வந்தாள். தோடை மரத்தடியில் கல் வாங்கு ஒன்று இருந்தது. அதில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சமையற்காரன் கதை, செக், சிலுவை போட்ட மனிதன், கடதாசி. அவள் முழுவதையும் கேட்டாள்.

"இருபது பவுணோ?"

"ஓம்."

"எங்கடை காசிலை அது எவ்வளவு?"

"இருநூற்று அறுபத்தேழு ரூபா."

"அது போனதுக்கு நான் அழமாட்டன். கள்ளன் ஏமாத்தினவன், போகட்டும். ஒன்பது நாள் என்னைக் கோயில் கோயிலாக் கூட்டிக்கொண்டு திரிஞ்சு ஏமாத்தினது நீங்கள். நான் மாதாவிட்டை, பவுண் விலை ஏறவேணும் எண்டு மண்டாடிக்கொண்டு இருந்தனான். விசரி மாதிரி."

ஒரு கன்னியாஸ்திரி கூடையோடு வந்து, எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனா.

பிறகு அற்புதம் கேட்டாள்: "இப்ப உள்ள காசிலை எத்தனை பேர் போகலாம்?"

"ஒராள்."

"அப்ப நான் போறன்."

விளங்கவில்லை எனக்கு. "தனியவோ?"

"சுவாமியார் போறார். அருளம்மா போறா. தனிய இல்லை. நீங்கள் ஜெனோவாவிலை நில்லுங்கோ."

எங்களூரிலிருந்து பஸ் போகும் மாங்குளத்துக்குக்கூட அவளை நான் தனியே அனுப்பியதில்லை. பஸ் டிக்கட் ஒன்று அவள் கையால் வாங்கியதில்லை. அதைச் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். எந்த முகத்தோடு சொல்வது?

10 செப்டெம்பர். ஜெனோவா

நேற்று வந்தோம். துறைமுகத்துக்கு மேலே கோயிலைச் சேர்ந்த விடுதியில் அறை. அவளுக்காகப் பதினான்கு பவுணைச் சுவாமியாரிடம் கட்டினேன். கைச்செலவுக்கு மூன்று பவுணை வங்கியில் பிராங்காக மாற்றினேன். வங்கியில்தான்.

கட்டிலில் தாள்களைப் பரப்பி, இது நூறு, இது ஐந்நூறு, இது ஆயிரம், இத்தாலி எல்லை வரை லீரா, அதற்கப்பால் பிராங்கு என்று பாடம் நடத்தினேன். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள்.

"எனக்கு எண் வாசிக்கத் தெரியும்தானே. பூச்சியத்தை எண்ணினால் சரி. தள்ளுங்கோ."

தாள்களை அடுக்கித் தன் துணிப்பையில் வைத்தாள். அரைப் பட்டி வேண்டாமாம்.

11 செப்டெம்பர், சனி

றெயில் போய்விட்டது. யன்னலால் கை காட்டினாள். கோபம் இருக்கிறதா இல்லையா, முகத்தில் தெரியவில்லை.

12 செப்டெம்பர்

பூசைக்குப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி துறைமுகத்துக்குப் போனேன். ஒரு பாஷையும் தெரியாது அவளுக்கு. பசித்தால் என்ன சொல்லிக் கேட்பாள்? கூட்டத்தில் விலகிவிட்டால்? விடுதியின் விலாசத்தை எழுதிக் கொடுத்தேனா? கொடுத்தேன். அவள் பையில் வைத்தாளா?

14 செப்டெம்பர்

பாணும் தக்காளியும். ஐயாயிரம் லீராவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. விடுதிக்குக் கொடுத்தால் சரி. துறைமுகத்தில் ஒருவன் கிட்ட வந்து "பவுண்? டொலர்?" என்றான். நான் ஓடாத குறையாக நடந்தேன். நூறு யார் தூரம் போனபின் வெட்கமாக இருந்தது.

என்னிடம் இருபது பவுண் பறித்தவனைப்பற்றி யோசிப்பதே குறைந்துவிட்டது. தோடை மரத்தடியில் அவள் சொன்னதுதான் சுற்றிச் சுற்றி வருகிறது. பவுண் விலை ஏறவேண்டுமென்று செபமாலை சொன்னாளாம்.

17 செப்டெம்பர், வெள்ளி

இன்று வரவேண்டும். காலை றெயிலில் இல்லை. பின்னேர றெயிலிலும் இல்லை. நிலையத்தில் ஒருவரும் எனக்கு விளங்கும்படி சொல்கிறார்களில்லை. ஒருவர் கையால் மண் சரிவதுபோலக் காட்டினார். பாதையிலா? றெயில் மேலா? கப்பல் ஞாயிறு மத்தியானம். எங்கடை அற்புதம் எங்கை நிக்கிறாளோ. ஏன் போகவிட்டனான்? ஏன் நாப்போலியிலை அந்தத் தெருவுக்குப் போனனான்? அந்தச் சமையற்காரன்ரை வாயிலை — இல்லை. சமையற்காரன் என்ன செய்தான்? போனது நான்.

18 செப்டெம்பர், சனி

பதினொரு மணிக்கு வந்தார்கள்.

றெயில் பெட்டியிலிருந்து முதலில் இறங்கியது அற்புதம். கையில் லூர்துத் தண்ணீர்ப் போத்தல், தோளில் துணிப்பை. அவளுக்குப் பின்னால் அருளம்மா, இன்னும் நான்கு பெண்கள். நான் ஓடிப்போய் அற்புதத்தின் போத்தலை வாங்கினேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மெலிஞ்சுபோனீங்கள். என்ன சாப்பிட்டனீங்கள்?"

பாதையில் மண் சரிந்ததால் ஒரு நாள் முழுவதும் சிறிய நிலையம் ஒன்றில் கிடந்தார்களாம். கதையை யாக்கோப்புத்தான் சொன்னார், சிரித்துச் சிரித்து.

"மாஸ்டர், வரேக்கை எல்லையிலை பிராங்கை லீராவா மாத்தினம். யன்னலுக்குள்ளை இருந்தவன் உங்கடை மனிசிக்கு ஐந்நூறு லீரா குறையக் குடுத்தவன். அவா ஒண்டும் கதைக்கேல்லை. நீட்டின கையை எடுக்கவுமில்லை. பின்னாலை நிண்ட சனம் கத்துது, அவன் போ போ எண்டுறான். இவா நிக்கிறா. கடைசியிலை தந்தானே! அதுக்குப் பிறகு எங்கடை பொம்பிளையள் எல்லாரும் தங்கடை காசை அவாட்டைத்தான் குடுத்து மாத்துவிச்சவை."

அறைக்கு வந்ததும் அற்புதம் மிச்சத்தை மேசையில் வைத்தாள். மூன்று பவுணில் ஏறக்குறைய பாதி. நான் கேட்டேன்: "நேர்த்தி சரிவந்ததோ?"

"ஓம். தண்ணியிலை முங்கினனான். ஐஸ் மாதிரி." பையை மடித்துக்கொண்டே, "உங்களுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினனான். அங்கை போகேக்கை கோவம் கிடந்தது. கொளுத்தினாப் பிறகும் கொஞ்சம் கிடந்தது."

"இப்ப?"

"இப்ப பசிக்குது. வாங்கோ, நல்ல சாப்பாடு ஒண்டு சாப்பிடுவம். இண்டைக்கு நான் குடுக்கிறன்."

கடற்கரைக் கடையில் மீன் பொரியல். விலையைக் கேட்டு, விரலைக் காட்டிப் பேரம் பேசி, எண்ணிக் கொடுத்தாள்.

5 ஒக்டோபர். கொழும்பு

இறங்கினோம். ரூபாத் தாளைக் கண்டதும் ஏதோ சொந்தக்காரரைக் கண்டதுபோல.

14 ஒக்டோபர். முல்லைத்தீவு

தபாற்கந்தோருக்குப் போய்ச் சேமிப்புப் புத்தகத்தில் அற்புதத்தின் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். என் இடத்தில் இப்போது இருப்பவர் கனகலிங்கம் என்ற இளம் மனிதர், மரியாதையானவர். "காசெடுக்க ரண்டு பேரும் வரவேணுமெண்டு போடட்டோ, ஐயா? அது பாதுகாப்பு" என்றார்.

"வேண்டாம். அவா தனிய வந்தாலும் குடுங்கோ" என்றேன்.

6 நவம்பர், சனி

மன்னாரிலிருந்து நேற்றுக் கடிதம் வந்ததாம். திரேசம்மாவுக்குப் பிள்ளைப்பேறு கிட்டிவிட்டது. அற்புதம் நேற்றே காசெடுத்து, சாமான் கட்டி, பயணத்தை ஒழுங்கு செய்துவிட்டாள். எனக்கு இன்று காலைதான் தெரியும்.

"நீங்களும் வாறீங்களோ?" என்று கேட்டாள்.

வாறன் என்றேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் இரண்டு டிக்கட்டையும் அவளே எடுத்தாள். என்னை யன்னலோரம் இருக்கவிட்டாள். மாங்குளம் வரை நனைந்த காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நல்ல பச்சை.