அடித்தவரின் சம்மதம்

மார்ச் 4
என் கதையையே ஆராய்ச்சியாக எழுத அனுமதி கிடைத்துவிட்டது. 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று வீடுகளில் சொல்கிறார்களே, அந்தப் பேச்சு ஒரு பெண்ணை என்ன செய்கிறது என்பதுதான் பொருள். சாட்சிக்கு வேறு ஆள் தேடப் போவதில்லை. அண்ணனிடம் அடி வாங்கி வளர்ந்த நான் இருக்கிறேன். கேட்காமல் போன என் இடது காது இருக்கிறது.

நெறியாளர் மேடம் ஒன்று சொன்னார். "எழுத்துல வர்றவங்க எல்லார்கிட்டயும் சம்மதம் வாங்கணும்மா. பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவோட விதி. முக்கியமா உங்க அண்ணன்கிட்ட."

அடித்தவனிடம் சம்மதம்! அடிக்கும்போது என்னை யார் கேட்டார்கள்?

மார்ச் 9
அம்மாவிடம் சொன்னேன். "ஆறின புண்ணை ஏண்டி கிளறுற? அவன் முன்கோபக்காரன், மனசு தங்கம்."

ஆறியது யாருக்கு?

மார்ச் 15
அண்ணனின் டயர் கடைக்குப் போனேன். வாசலிலேயே என் கை இடது காதைப் பொத்திக்கொண்டது. இந்த வயதில்! மறுப்பார், கத்துவார், ஒருவேளை தலைகுனிவார் என்றுகூட நினைத்திருந்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"தாராளமா எழுது. அண்ணன் ஃபேன் பெல்ட்டால விளாசினான், அதான் டாக்டர் பட்டம் வாங்குறேன்னு எழுது. அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சொல்வாங்க. உனக்கு ரெண்டும் ஒரே ஆள்!"

படிக்காமலே கையெழுத்துப் போட்டார். தாளில் கிரீஸ் விரல் பதிந்துவிட்டது. பஞ்சர் ஒட்டுகிறவரும் சேர்ந்து சிரித்தார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். மறுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் போல. ஏன்?

மார்ச் 17
முதல் அத்தியாயம் மேடத்துக்குப் பிடித்திருக்கிறது. "இன்னும் உள்ள போங்க. அடிக்கிறப்ப அவர் கண்ணுல என்ன இருந்துச்சு?"

நான் கண்ணை எங்கே பார்த்தேன், பெல்ட்டைத்தான் பார்த்தேன். அவரையே கேட்க வேண்டும்.

மார்ச் 22
எழுதத்தான் வேண்டும்.

அண்ணன் வீட்டுக் கூடம். மேசையில் என் ரெக்கார்டர். அண்ணி டீ வைத்துவிட்டு உள்ளே போனார். "அடிக்கணும்னு எப்போ முடிவு பண்ணுவீங்க அண்ணா?" என்று கேட்டேன்.

"கேட்டா புரியுமா? பாரு" என்று மகளைக் கூப்பிட்டார். எங்கள் வாலு, பத்து வயது. உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். ஒரு தப்பும் செய்யவில்லை. வந்தவள், அவர் கை எழும் முன்பே இடது காதைப் பொத்திக்கொண்டாள். நான் பொத்துவேனே, அதே மாதிரி.

அறைந்தார். சுவரில் போய் மோதினாள். அப்போது என் கை என்ன செய்தது? ரெக்கார்டரை அவள் பக்கம் நகர்த்தியது. சீ! நான்லாம் ஒரு மனுஷியா?

"பாத்தியா, அழ மாட்டா. பழக்கிட்டேன்" என்றபடி பெல்ட்டை எடுத்தார். ஒரே வீச்சு. அவள் கழுத்தில் தோல் பிய்ந்தது.

கதவோரம் டயர் கழற்றும் இரும்பு ஸ்பேனர் கிடந்தது. எடுத்து அவர் முழங்கையில் இறக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் என் நல்ல காதில் கேட்டது. விழுந்த பிறகும் அடித்தேன் — தோளில், விலாவில். "வாங்குடா! இதையும் எழுதுறேன்டா!" என்று கத்தியது நான்தான். இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், இனித்தது.

அண்ணி என் இடுப்பைப் பிடித்து இழுத்தார். "போதும் விடு! புள்ள பாக்குது!"

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மார்ச் 23
உள்ளங்கை வீங்கியிருக்கிறது. பேனா பிடிக்க முடியவில்லை.

மார்ச் 25
அம்மா போனில்: "கூடப் பொறந்தவன் கையை ஒடிச்சிட்டியே, நீ பொம்பளையாடி?" என் காது போனபோது, வெளியே மூச்சு விடக்கூடாது என்றவள்.

நடந்ததைச் சொன்னதும் மேடம் போனில்: "கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இப்படி ஒரு தரவு யாருக்கும் கிடைக்காது. சூட்டோட சூடா எழுதிடுங்க."

"உங்க பொண்ணா இருந்தா எழுதுவீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அவர் மேல் என்ன கோபம்? ரெக்கார்டரை நகர்த்தியது என் கைதானே.

ஏப்ரல் 2
அண்ணி வாலுவை அழைத்துக்கொண்டு ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார். இனி அந்த வீட்டுக்குப் போகமாட்டாராம்.

"ஆஸ்பத்திரியில மாடிப்படில விழுந்துட்டேன்னு சொல்லிருக்காரு. தங்கச்சிகிட்ட அடி வாங்கினேன்னு சொல்ல வெக்கம்."

என் காதுக்கும் அம்மா இதே படியைத்தான் சொன்னாள். இருவரும் சிரித்தோம். அண்ணிக்குச் சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது.

ஏப்ரல் 3
அலமாரி மேலிருந்த போர்வையை எடுக்கக் கை தூக்கினேன். வாலு காதைப் பொத்திக்கொண்டாள்.

"அத்தை அடிக்க மாட்டேன்டா."

"அப்பாவை அடிச்சீங்கல்ல?"

அணைக்கப் போனேன். நகர்ந்துவிட்டாள்.

ஏப்ரல் 20
எழுத்தில் வருகிற எல்லாரிடமும் கேட்க வேண்டும். அதுதானே விதி? ஒருத்தியை மட்டும் யாருமே கேட்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு வாலுவின் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு நடந்ததை அத்தை எழுதட்டுமா?"

"வேணாம்னா அடிப்பீங்களா?"

"மாட்டேன்."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கைகளை. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்போ வேணாம்."

ஒலிப்பதிவை அவள் எதிரிலேயே அழித்தேன். நாளை மேடத்திடம் சொல்ல வேண்டும்.