பத்தொன்பதாவது கட்டத்தில் ஒரு எண்ணிக்கை அதிகம்

அன்பு மதினிக்கு,

ஊரே உங்களை டீச்சர் என்று கூப்பிட்டபோதும் நான் மதினி என்றுதான் கூப்பிட்டேன். உங்கள் மகனுக்கு என் மகளைக் கொடுத்த உரிமை அது. நீங்கள் உயிரோடு இருந்த கடைசி எட்டு மாதம் அந்த ஒரு வார்த்தைகூட என் வாயில் வரவில்லை. இப்போது எழுதும்போது கை கொஞ்சம் கூசுகிறது. நம் கோவிலின் பங்கு இதழில் இந்தக் கடிதத்தை நாலு பேர் படிப்பார்கள் என்பதும் தெரியும். படிக்கட்டும்.

உங்கள் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அதற்கு முந்தின நாள் நாங்கள் பட்ட பாட்டைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

கடலுக்குப் போகிற பெண்களுக்காக நீங்கள் எழுதிய மாதா பாட்டை அந்தப் பூசையில் பாடியே ஆக வேண்டும் என்று நம் பேத்தி பிரிசில்லா பிடிவாதமாக நின்றாள். அவள் கேட்டதற்காக ராமநாதபுரத்திலிருந்து ஆரோன் மாஸ்டரின் பாடகர் குழு வர ஒப்புக்கொண்டது. ஆனால் அவர்கள் காதால் கேட்டுப் பாடுகிறவர்கள் இல்லை, உங்களைப் போலத்தான். ஐந்து கோட்டில் சுரம் எழுதிய தாள் கையில் இருக்க வேண்டும். உங்கள் நோட்டோ பென்சில் எழுத்து. நாலு குரலையும் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதியிருக்கிறீர்கள். உப்புக்காற்றில் பாதி மங்கிப் போயிருந்தது. பிரிசி அதைப் படம் எடுத்து அனுப்பினாள்.

மாஸ்டர் போனில் சொல்லிவிட்டார். "ஒண்ணும் தெரியலம்மா. சனிக்கிழமை மூணு மணிக்குள்ள அச்சடிச்ச மாதிரி தெளிவா அனுப்பு. நாலு மணிக்கு எங்களுக்குப் பயிற்சி. வரலைன்னா, எங்களுக்குத் தெரிஞ்ச பாட்டைப் பாடிட்டுப் போயிருவோம்."

உங்கள் பூசையில் வேறு யாரோ எழுதிய பாட்டா? அதை நான் எப்படி உட்கார்ந்து கேட்பேன்?

பிரிசி சும்மா இருக்கவில்லை. இரண்டு மாதமாகக் கல்லூரிக் கணினியில் உட்கார்ந்து உங்கள் நோட்டைப் பார்த்து ஒவ்வொரு சுரத்தையும் எழுத்தாகத் தட்டி வைத்திருந்தாள். அப்படித் தட்டினதை இசைத்தாளாக மாற்றித் தர ஒரு மென்பொருள் இருக்கிறது. இலவசம். அதைச் செய்தவர்கள் அதன் உள்ளே இருக்கிற எழுத்தையெல்லாம் யாரும் எடுத்துக்கொள்ளத் திறந்தே வைத்திருக்கிறார்களாம். கடைசியாக ஒருமுறை சரிபார்த்து அச்செடுக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் விடுமுறை விட்டுக் கல்லூரி அறையைப் பூட்டிவிட்டார்கள்.

வீட்டில் இருப்பது அவள் அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த பழைய மடிக்கணினி. அதில் கிடந்த பழைய பதிப்பு, இவள் எழுதினதைப் படிக்க மாட்டேன் என்றது. புதுப் பதிப்பை இறக்கிப் பார்த்தாள். அந்தக் கிழட்டு இயந்திரத்தில் அது ஏறவில்லை.

"இப்ப என்ன செய்யிறது?" என்றேன்.

"சோர்ஸ் கோடை, அதான் அவுக திறந்து வச்ச எழுத்தை, எறக்கி நாமளே கட்டணும் அம்மாச்சி."

"கட்டுறதுன்னா?"

"கட்டின வீட்டை வாங்காம, செங்கலும் மணலும் எறக்கி நாமளே கட்டிக்கிற மாதிரி."

"எத்தனை நாளாகும்?"

"நாளா? மூணு மணிக்குள்ள முடியணும்."

அப்போது காலை ஏழு மணி.

கட்டுவதற்கு முன்னால் அது இயந்திரத்துக்குள் ஒரு சுற்று சுற்றி, தனக்கு வேண்டிய சாமான் எல்லாம் இருக்கிறதா என்று கேட்கிறது. இருக்கு, இருக்கு, இருக்கு என்று வரி வரியாக ஓடும். ஒன்று இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். பெண் பார்க்க வந்த அன்று என் வீட்டில் நீங்கள் கேட்ட கேள்விகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. கிணறு இருக்கா, கழிப்பறை இருக்கா, பொண்ணு எதுவரைக்கும் படிச்சிருக்கு? அன்று எனக்கு வியர்த்தது மாதிரி இந்தச் சனிக்கிழமை பிரிசிக்கு வியர்த்தது. இல்லை என்று சொன்ன ஒவ்வொன்றையும் போன் வழியாக இறக்கினாள். மாடிப்படியில் நின்றால்தான் சிக்னல். போனைப் பிடித்துக்கொண்டு நான் படியில் நின்றேன். பதினோரு தடவை நின்றது, பதினோரு தடவை மறுபடி கேட்டது.

ஒன்பதரைக்கு எல்லாம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு கட்ட ஆரம்பித்தது. எழுத்து மழையாகக் கொட்டியது. முக்கால் மணி நேரம் கழித்துத் திரை அப்படியே உறைந்தது. பிரிசி தலையில் கை வைத்தாள்.

"கொன்னுருச்சு அம்மாச்சி."

"யாரைடி?"

"வேலையை. நாலு வேலையை ஒரே நேரத்துல பாருன்னு சொன்னேன். இதோட மெமரி தாங்கல. இனி ஒவ்வொண்ணாத்தான் பாக்கச் சொல்லணும். மெதுவாப் போகும்."

மெதுவாகத்தான் போனது. நான் கஞ்சி கொடுத்தேன், அவள் குடிக்கவில்லை. எனக்கும் இறங்கவில்லை. திரையைப் பார்ப்பேன், சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பேன். பன்னிரண்டரைக்கு மின்விசிறி நின்றது. கரண்டு போய்விட்டது.

அந்த மடிக்கணினியில் பேட்டரி பேருக்குத்தான். பத்து நிமிடம் தாங்கினால் அதிகம். நம் மண்டபம் ஊரில் அந்த நேரத்தில் ஜெனரேட்டர் ஓடுகிற இடம் துறைமுகத்து ஐஸ் கம்பெனி ஒன்றுதான். ஆட்டோவில் ஏறினோம். "மூடிராதீங்க அம்மாச்சி, மூடினா தூங்கிரும்" என்றாள். திறந்தபடி மடியில் வைத்து, வெயில் படாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனேன். ரயில்வே கேட்டைத் தாண்டினதும் திரை கறுத்தது. காலையிலிருந்து கட்டினதெல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஐஸ் கம்பெனி வாசலில் சூசை நின்றான். உங்களிடம் மூன்றாம் வகுப்பில் இரண்டு வருடம் இருந்தவன்.

"என்ன ஆச்சி, மீனை விட்டுட்டு கம்ப்யூட்டருக்கு ஐஸ் வைக்க வந்தீகளா?"

"ஏலே, பேச நேரமில்ல. பிளக் எங்கன இருக்கு? டீச்சர் பாட்டு உள்ள கிடக்கு."

டீச்சர் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஐஸ் உடைக்கிற இயந்திரத்துக்குப் போகிற வயரையே பிடுங்கிக் கொடுத்தான்.

பிரிசி முன்பு தட்டிய அதே வரியைத் தட்டினாள். அது முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை மதினி! விட்ட இடத்திலிருந்து போனது. "கட்டின சுவரை மறுபடி கட்டாது அம்மாச்சி. எது முடிஞ்சிருக்கு, எது பாக்கின்னு அதுவே பாத்துக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப சுரத்தோட உருவத்தையெல்லாம் வரையுது" என்றாள். சுரத்தின் தலை, வால், ஓய்வுக்குறி எல்லாவற்றையும் அந்த இயந்திரம் தன் கையால் வரைந்து வைத்துக்கொள்ளுமாம். ஈரத் தரையில் நின்று என் கால் மரத்துப் போனது. இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கட்டி முடித்தது.

அவள் உங்கள் பாட்டைக் கொடுத்தாள். தாள் வந்தது. மதினி, நான் ஐந்தாம் வகுப்பு. சுரம் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தத் தாள் அழகாக இருந்தது என்பது எனக்குத் தெரிந்தது. நாலு குரலும் நாலு வரியாக, கீழே தமிழ் எழுத்து.

அதோடு ஒரு எச்சரிக்கையும் வந்தது. பாட்டைக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கும்; முழுக்கக் கட்டத்துக்கு மூன்று எண்ணிக்கை. கட்டத்துக்குக் கட்டம் கணக்குப் பார்க்கச் சொல்லி அவள் குறி போட்டிருந்தாள். பத்தொன்பதாவது கட்டத்தில் கணக்கு இடிக்கிறது என்றது. அங்கே நாலு.

"நான்தான் தப்பா அடிச்சிருப்பேன்" என்று நோட்டைப் புரட்டினாள். இல்லை. நோட்டிலும் நாலுதான். ஒரு எண்ணிக்கை பாடாமல் நிற்கச் சொல்லும் ஓய்வுக்குறி ஒன்று கூடுதலாக இருந்தது. "அப்பத்தா தப்பு விட்டிருக்காக. எடுத்திரவா? எடுத்தா கணக்கு சரியாயிரும். மணி ரெண்டே கால் ஆச்சு."

"எந்த இடம் அது? வார்த்தையைச் சொல்லு" என்றேன்.

அவள் சொன்னாள். 'அம்மா' என்று இழுத்துத் திரும்புகிற இடம்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். பக்கம் முழுக்கப் பென்சில். அந்த ஒரு குறி மட்டும் நீலப் பேனா.

நாம் எதற்காகப் பேசாமல் போனோம் என்று பிரிசிக்கு அதுவரை தெரியாது. ஐஸ் கம்பெனித் தரையில் நின்றுதான் சொன்னேன். கடல்பாசி எடுக்கிற பெண்கள் நாங்கள் ஏழு பேர் பின் பெஞ்சில் நின்று பாடுவோம். அந்த இடத்தில் எங்களுக்கு மூச்சு நிற்காது. தண்ணீருக்குள் முங்கிப் பாசி பறித்துவிட்டுத் தலை மேலே வந்ததும் முதலில் ஒரு பெரிய மூச்சு, அப்புறம்தான் பேச்சு. முப்பது வருடப் பழக்கம். நெஞ்சு அப்படித்தான் கேட்கும்; மூச்சு வாங்குவதில் பாட்டில் ஒரு எண்ணிக்கை கூடிவிடும். பயிற்சியில் எல்லார் முன்னாலும் நீங்கள் சொன்னீர்கள்: "மூணு எண்ணிக்கைதான மதினி? நாலாவதை எங்கேயிருந்து கொண்டு வாரீக?" நான், "கடலுக்குள்ள இருந்து" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. "கடலுக்குக் கணக்குத் தெரியாது, பாட்டுக்குத் தெரியும்" என்றீர்கள். படிக்காதவள் என்று சொன்னது மாதிரி எனக்குப் பட்டது. அன்று கோவிலை விட்டு வெளியே வந்தவள், பிறகு பயிற்சிக்கு வரவில்லை. நீங்கள் நோயில் படுத்திருந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வராந்தாவரைக்கும் வந்து திரும்பிவிட்டேன். அது உங்களுக்குத் தெரியுமா?

பிரிசி திரைப் பக்கம் திரும்பினாள். அந்த ஒரு கட்டத்தை மட்டும் நாலு எண்ணிக்கைக் கட்டம் என்று எழுதினாள். மறுபடி ஓட்டினாள். எச்சரிக்கை வரவில்லை. இரண்டு ஐம்பதுக்குத் தாள் போய்ச் சேர்ந்தது.

ஐந்து நிமிடத்தில் மாஸ்டரிடமிருந்து போன். "பத்தொன்பதுல நாலு இருக்கே, பிழைதானே? நாங்களே ஒண்ணை விட்டுட்டுப் பாடிர்றோம்." பிரிசி போனை என் கையில் கொடுத்தாள்.

"விட்டுராதீங்க சார். அங்கன பாசிக்காரிக மூச்சு வாங்கணும்."

"நீங்க இசை படிச்சவங்களாம்மா?"

"நான் அஞ்சாப்பு சார். ஆனா அதை எழுதினவுக டீச்சர்."

மாஸ்டர் அந்தக் கட்டத்தைப் போனிலேயே மெல்ல எண்ணிப் பாடிப் பார்த்தார்.

"சரிம்மா. நிப்போம்" என்றார்.

பூசையில் நின்றார்கள், மதினி. பத்தொன்பதாவது கட்டத்தில் மாஸ்டரின் பாடகர் பன்னிரண்டு பேரும் வாய் மூடி நின்றார்கள். அந்த ஒரு எண்ணிக்கையில் என் பெஞ்சில் ஆறு பேர் மூச்சு வாங்கின சத்தம் பீடம்வரை கேட்டிருக்கும். நான் வாங்கினேனா என்று தெரியவில்லை. அடுத்த அடியை அவர்களோடு பாடினேன், அது தெரியும்.

எப்போது எழுதினீர்கள் அதை? நான் கோபித்துக்கொண்டு போன அன்றா? ஆஸ்பத்திரிக் கட்டிலிலா? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் நான் வந்திருக்க மாட்டேனா?

திங்கட்கிழமை பிரிசி, அந்த மென்பொருள்காரர்கள் வைத்த மாதிரியே உங்கள் பாட்டையும் எல்லாரும் எடுத்துக்கொள்ள இணையத்தில் திறந்து வைக்கப் போவதாகச் சொன்னாள்.

"யாரும் மாத்தலாமா?"

"மாத்தலாம் அம்மாச்சி."

"அந்த நாலாவதையும் எடுக்கலாமா?"

"எடுக்கலாம். தடுக்க முடியாது. ஆனா ஒண்ணு செய்யலாம்." அவள் தட்டி வைத்த எழுத்துக்கு நடுவே ஒரு சதவீதக் குறி போட்டு அதற்குப் பின்னால் எதை எழுதினாலும் இயந்திரம் அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடுமாம். திறந்து பார்க்கிற மனிதர் மட்டும்தான் படிப்பார். நாற்காலியை விட்டு எழுந்து என்னை உட்கார வைத்தாள். ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். கால் மணி நேரம் ஆனது.

"இது பிழை இல்லை. பாசி எடுக்கும் பெண்கள் இங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று டீச்சர் பேனாவால் எழுதினார்கள். எடுப்பதென்றால் யோசித்து எடுக்கவும்."

வருகிற சனிக்கிழமையிலிருந்து பயிற்சிக்குப் போகிறேன். மூன்று இருக்கிற இடத்திலெல்லாம் மூன்றுதான் பாடுவேன், மதினி. இது சத்தியம். நாலாவது அந்த ஒரு இடத்தில் மட்டும்.

உங்கள் மகனுக்குப் பெண் கொடுத்தவள்,
பிரிசில்லாவின் அம்மாச்சி,
ரோசம்மாள்
மண்டபம்