என் சஹனில் உன் இடம்

அன்பு மகள் நஸீஹாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் வாப்பாவும் தம்பி சாஹிதும் நலம், எங்கள் எல்லாரையும்விட என் முழங்கால்தான் அதிக நலம். அங்கே டப்ளினில் நீயும் உன்னை விட்டுப் போகாத அந்தச் சளியும் எப்படி இருக்கிறீர்கள். போன் இருக்கும்போது இதென்ன கடுதாசி என்று கேட்பாய். போனில் நான் விஷயத்துக்கு வரும்போதெல்லாம் உன் வீட்டுக் கதவை யாரோ தட்டிவிடுகிறார்கள். அதனால்தான் சாஹிதின் சிநேகிதன் அந்தப் பக்கம் வருகிறான் என்றதும் நெத்திலி சம்பலோடு இதையும் சேர்த்துக் கட்டிவிட்டேன், காகிதத்தை நீ பாதியில் கட் பண்ண முடியாது.

போன வாரம் நீ சொன்னது என் மனசிலேயே கிடக்கிறது. உம்மா பண்ணிக்கிட்ட ஆபரேஷன நானும் பண்ணி, இளைச்சப்புறம்தான் பினாங்குக்கு வருவேன், இல்லாட்டி சாஹித் நிக்காஹ்வுக்கு என்னைத் தேடாதீங்க என்றாய். இதைச் சாஹிதிடம் சொன்னேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, லாத்தா இல்லாம, கூடப்பொறந்த அக்கா இல்லாம, நா எப்படிம்மா மாப்பிள்ளையா உக்கார்றது, தேதிய வேணும்னா தள்ளி வைங்க லா என்றான். மண்டபம் பிடித்தாகிவிட்டது, பெண் வீட்டாருக்கும் சொல்லியாகிவிட்டது. அதனால் வயிற்றைச் சின்னதாக்கிக்கொண்ட பிறகு நான் கண்டதையெல்லாம் உள்ளபடி சொல்கிறேன், கேட்டுவிட்டு நீ முடிவு செய்.

உடம்புக்கு நல்லதுதான், அதில் பொய் இல்லை. சக்கரை இறங்கிவிட்டது, படுத்தால் மூச்சு அடைப்பதில்லை, வாப்பாவும் இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார். லிஃப்ட் கெட்டால் முன்பெல்லாம் கீழேயே உட்கார்ந்து அழுவேன், இப்போது படியில் ஏறிவிட்டு மேலே நின்று உன் வாப்பாவைக் கேலி செய்கிறேன். ஆனால் முடி கொட்டியதையும், ஒரு வாய் கூடப் போனால் வாந்தி வந்ததையும், கைச்சதை தொங்குவதையும் யாரும் போட்டோவில் போடுவதில்லை. நான் உண்மையில் எதிர்பார்க்காதது சனங்களைத்தான். கீழே காவலுக்கு இருப்பவர் இத்தனை வருஷமாக என்னை நிமிர்ந்து பார்த்ததில்லை, இப்போது காக் காக் என்று மலாயில் அக்கா முறை வைத்துக் கூப்பிட்டு நலம் விசாரிக்கிறார். துணிக்கடைப் பெண் நான் வாசலில் கால் வைக்கும்போதே உங்க சைஸ் இல்ல மாமி என்பாள், அவளே இப்போது நாற்காலி போட்டு உட்கார வைக்கிறாள். நான் அதே ஹமீதாதான், அதே வாய்தான், அவர்களுக்குத்தான் திடீரென்று கண் தெரிகிறது.

பேக்டரி பஸ் கதையைக் கேள். என் பக்கத்து இடம் எப்போதும் கடைசியில்தான் நிறையும், சில நாள் நிறையாமலே பாயான் லெப்பாஸ் பேக்டரிக்குப் போய்ச் சேரும். என்கூட வேலை செய்யும் ரமணி ஒருத்திதான் ஜெலுத்தோங்கில் ஏறியதும் நேராக என்னிடம் வந்து, பாதி உடம்பு வழியில் தொங்க, என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வருவாள். மெத்த மாதிரி இருக்குக்கா என்பாள், அவள் சொன்னால் எனக்குக் கோபம் வராது. இப்போது நான் உட்கார்ந்த உடனே யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கிறார்கள். எனக்கும் அது இனித்தது, ஏன் மறைக்க வேண்டும். ஒருநாள் ரமணி ஏறினாள், என் பக்கத்தில் ஆள் இருப்பதைப் பார்த்தாள், பின்னால் போய் நின்றுகொண்டே வந்தாள். மறுநாளிலிருந்து அந்த இடத்தில் என் பையை வைத்துவிடுகிறேன், யார் கேட்டாலும் ஆள் வருது என்று சொல்லிவிடுகிறேன். ஒங்க தோள் எலும்பு குத்துதுக்கா என்று அவள் இப்போது புகார் சொல்கிறாள், ஆனாலும் அங்கேதான் தூங்குகிறாள்.

போன மாதம் உன் நூர்ஜான் மாமி வீட்டில் மவுலூது ஓதி சஹன் சாப்பாடு. பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் தரையில் உட்கார வேண்டும், நான் உட்கார்ந்தால் ரெண்டு பேர் இடம் போகும், எழுப்பிவிடவும் ஆள் வேண்டும், அதனால் எப்போதும் பரிமாறுகிற ஆளாகவே நின்றுவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கும் பழக்கத்தில் தால்ச்சாச் சட்டியைத் தூக்கப் போனேன். ஹமீதா இங்க வா, இங்க வா என்று மூன்று சஹனிலிருந்து குரல். உன் மாமி கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்தாள், எனக்குப் புதுப்பெண் போல வெட்கம். ஐந்து கவளத்தில் வயிறு போதும் என்றுவிட்டது. என் பக்கத்துக் கறியை மற்ற மூன்று பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள், ஹமீதாகூட உக்காந்தா நல்ல லாபம் லா என்று ஒருத்தி சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அடிவயிற்றிலிருந்து கோபமும் வந்தது. நல்லா தின்னப்ப ஒரு தடவ கூப்பிடல, தின்ன முடியாதப்ப கூப்புடுறீங்களே லாத்தா, இது நாயமா என்று மாமியைக் கேட்டே விட்டேன்.

மாமி கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். நீ எப்பவும் சட்டியும் கரண்டியுமாவே நின்னே, ஒனக்கு அதான் புடிக்கும்னு நெனச்சேன் புள்ள, நான்தான் கூப்பிட்டிருக்கணும் என்றாள் மாமி. அவளுக்குக் கண் கலங்கி நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அதில் பாதி சமாளிப்பு என்றே வைத்துக்கொள், மீதிப் பாதி உண்மை. அதோடு அவள் விடவில்லை. அவளுடைய மருமகள் ஹன்னா, அவளும் நம்மைப் போல உடம்புள்ள பிள்ளைதான், நான் விட்ட சட்டியைத் தூக்கிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தாள். அத வெச்சுட்டு இங்க வந்து உக்காரு என்று மாமி அதட்டினாள். இல்ல மாமி நா அப்புறமா என்று அந்தப் பிள்ளை இழுத்தது அப்படியே உன் குரல். நாங்கள் எல்லாரும் கொஞ்சம் நகர்ந்தோம், அவள் உட்கார்ந்தாள். இடம் இருந்தது நஸீஹா. இத்தனை காலமும் இருந்திருக்கிறது, நகரத்தான் யாரும் இல்லை.

அன்றைக்குக் கிளம்பும்போது மாமி வாசல்வரை வந்து, நம்ம வீட்டுக் கல்யாணத்துல போட்டோவுக்கு நஸீஹாவப் பின்னால போய் நிக்கச் சொன்னேனே, அது புள்ள மனசுல இன்னும் இருக்கா என்று கேட்டாள். நீ முகம் கழுவப் போய், திரும்பி வந்து எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது எனக்கு மறக்குமா. என்னைக் கேக்காதீங்க, அவளையே கேளுங்க என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை உன்னைப் போனில் கூப்பிடுவாள், அன்றைக்காவது யாரும் கதவைத் தட்டாமல் பார்த்துக்கொள்.

ஆபரேஷன் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், செய்துகொண்டவள் சொன்னால் யார் கேட்பார்கள். எனக்குச் சக்கரையும் மூச்சும் படுத்தியது, டாக்டர் சொன்னார், செய்தேன், இன்னொரு தடவை என்றாலும் செய்வேன். உன் டாக்டரும் உன் உடம்பைப் பார்த்து வேண்டும் என்று சொன்னால் நிக்காஹ் முடிந்த பிறகு நிதானமாகச் செய், நானே வந்து கஞ்சி காய்ச்சித் தருகிறேன். ஒரு போட்டோவுக்காக வயிற்றை அறுத்துக்கொண்டு வராதே. அப்படி வந்தால் சனங்கள் காட்டுகிற அன்பைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கா என் இடுப்புக்கா என்று யோசித்துக்கொண்டே இருப்பாய், எனக்கே இன்னும் சில நாள் அந்த யோசனை வருகிறது.

நிக்காஹ்வுக்கு நம் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே பச்சை நிறத்தில் பாஜு குரோங் தைத்தாகிவிட்டது, உன்னுடையது இந்தப் பார்சலில் இருக்கிறது. போன தடவை நீ வந்தபோது எடுத்த அளவுதான். பிள்ளை இளைத்திருந்தால் என்ன செய்வது என்று தையல்காரம்மா கேட்டாள், உள்ளே துணி விட்டுத் தையுங்கள், பிடிக்கலாம், விடலாம், எதற்கும் ஆகும் என்றேன். போட்டுப் பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று சாஹிதிடம் சொல், என்னிடம் சொன்னால் நான் அழுதுவிடுவேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் குறையாத சுகத்தையும் கண்ணுக்குக் குளிர்ச்சியான வாழ்க்கையையும் தரட்டும். குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே, டிக்கெட்டை இந்த வாரமே எடு, பிறகு விலை ஏறிவிடும். விருந்தன்று முதல் சஹனில் நான், நூர்ஜான் மாமி, ரமணி, நாலாவது நீ. எனக்கு ஐந்து கவளம் போதும், என் பங்கில் மிச்சமெல்லாம் உனக்கு. நீ வந்து உட்காரும்வரை அந்த இடத்தில் என் பையை வைத்திருப்பேன், யார் கேட்டாலும் ஆள் வருது என்று சொல்லிவிடுவேன்.

உன் வரவுக்காக துஆ செய்துகொண்டிருக்கும்
உம்மா
ஹமீதா மீரா சாகிப்
சுங்கை பினாங்