மூன்றாவதாகக் கோத்த கை

சார்,

இன்று காலை திண்டிவனம் பேருந்து நிலையத்தில் சுற்றுலா போகும் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தேன். கூட வந்த வாத்தியார் விசில் ஊதியதும் என் கண் பிள்ளைகளின் கைகளை எண்ண ஆரம்பித்துவிட்டது. ஓய்வு பெற்று இத்தனை காலமாகியும் அந்தச் சத்தம் எனக்கு ஆகவில்லை. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். போய்ச் சேர்ந்தவருக்கு எழுதுவது பைத்தியக்காரத்தனம்தான், இருக்கட்டும்.

நம் பள்ளியின் விளையாட்டு வாத்தியாராக நீங்கள் வைத்த சட்டம் அது. வெளியே போனால் பிள்ளைகள் ஜோடி ஜோடியாகக் கை கோத்துக்கொள்ள வேண்டும். விசில் ஊதினால் கோத்த கையைத் தூக்க வேண்டும். ஒற்றைக் கை தெரிந்தால் ஆள் குறைகிறது என்று அர்த்தம். "எண்ணவே தேவையில்ல டீச்சர்" என்று பெருமையடிப்பீர்கள்.

கடற்கரைக்குப் போன அன்று ஒருத்தி காய்ச்சலென்று வரவில்லை. அவளுடைய ஜோடி செல்வியை, "நீ இவங்களோட மூணாவதா கோத்துக்கம்மா" என்று வேறு இருவரோடு சேர்த்துவிட்டீர்கள். கிளம்பும்போது விசில் ஊதினீர்கள். அந்த இருவரும் கோத்த கையைத் தூக்கினார்கள். ஒற்றைக் கை எங்கும் தெரியவில்லை. வண்டி கிளியனூரைத் தாண்டியபோதுதான் பின்னாலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "சார், செல்வி ஏறலயா?"

மறுநாள் கரை ஒதுங்கியவளை நீங்களே தூக்கிக்கொண்டு போய் வீட்டில் கிடத்தினீர்கள். அவள் அப்பா கடலைக் காட்டில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்கப் போகிறவர். நம்மைத் திட்டவில்லை. "கைய புடிச்சிக்கினுதான சார் இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு சுற்றுலா இல்லை. அது சரி. விளையாட்டுப் பீரியடையும் ஏன் கொன்றீர்கள்? பந்துகளைப் பூட்டிவிட்டு, பிள்ளைகளைப் புளியமரத்தடியில் உட்காரவைத்து, "அசையக் கூடாது" என்றீர்கள். பிறகு செல்வியின் தங்கை நம் பள்ளியில் வந்து சேர்ந்தாள். கால் தரையில் நிற்காத பிள்ளை. அவள் அப்பாவே பள்ளிக்கு வந்து கும்பிட்டார்: "இதையாவது ஓட வுடுங்க சார். வூட்ல ஓடிக்கினே இருக்குது." நீங்கள் தலை நிமிரவில்லை. படிப்பு முடிகிற வரை அவளையும் உட்காரவே வைத்தீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் கோபம் தீரவில்லை, சார்.

விழுப்புரத்தில் உங்கள் சாவுக்குச் செல்வியின் அப்பா வந்தார். மாலை போட்டுவிட்டு வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "பெரிய பொண்ணு போனது எங்க தலையெழுத்து டீச்சர், சாரு என்னா பண்ணுவாரு. சின்னத உக்கார வச்சாரு பாருங்க, அதான் மனசு ஆறல."

அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நீங்களோ உள்ளே கிடந்தீர்கள். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் நிற்கிறார், சார்.