மீரியில் விழுந்த விலை

கோலசிலாங்கூர்,
20.7.1986

அன்புள்ள சேது அவர்களுக்கு,

நவமணி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. மூன்று முறை படித்த பிறகே பதில் எழுத உட்கார்ந்தேன்.

மீரியில் பாதி வெல்டர்களை நிறுத்திவிட்டார்கள், உங்களுக்கும் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று எழுதியிருந்தீர்கள். எண்ணெய் விலை பாதிக்கும் கீழே போனதை நாளிதழில் படித்தபோது எங்கோ நடக்கிற செய்தி என்றே நினைத்தேன். கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டுவது நின்றதும் உங்கள் தெருத் தையற்காரர் கடையைச் சாத்தினார் என்ற வரிதான் உறைத்தது. ஓர் ஊர் முழுவதும் ஒரே விலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தோட்டத்தில் பிறந்த எனக்கு அது புதிதல்ல. ரப்பர் விலை இறங்கினால் எங்கள் தோட்டத்துக் கடையில் கருவாடுகூட விற்காது.

உங்கள் கடிதங்களை அப்பா அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டுவேன். இம்முறை கடைசிப் பத்தியை விட்டுவிட்டேன். "உங்கள் வீட்டில் வேறு மாப்பிள்ளை பார்ப்பதென்றால் எனக்கு வருத்தமில்லை" என்று எழுதியிருந்தீர்களே, அதை. எப்படிச் சத்தமாகப் படிப்பது?

அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது, கண் தெரியும். "அவரு ரெண்டு பக்கம் எழுதியிருக்காரு, நீ ஒன்றரப் பக்கத்துல மடிச்சிட்ட. மிச்சத்த யாரு படிக்கிறது, ஆபீசுல கணக்கெழுதுற கிராணியா?" என்றார். படித்தேன்.

அம்மா அழுவார் என்று பயந்தேன். சிரித்துவிட்டார். ரப்பர் விலை விழுந்த வருடம் அப்பாவும் இப்படித்தான் கல்யாணம் வேண்டாமென்று ஆள் அனுப்பினாராம். "வெல ஏறட்டும்னு உட்கார்ந்திருந்தா நான் இன்னும் எங்கப்பா வீட்டுலதான் லா இருந்திருப்பேன்" என்றார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார், வெட்கம்.

உங்களைக் கேட்காமல் ஒன்று செய்தேன், கோபிக்க வேண்டாம். தஞ்சோங் காராங்கில் நான் வேலை செய்யும் அரிசி ஆலையின் முதலாளி, சீனத் தவுக்கேயிடம் பேசினேன். அறுவடை இயந்திரம் உடைந்தால் கிள்ளானிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கிறார்கள். நல்ல வெல்டர் என்றால் உடனே வரச் சொல் என்றார். சம்பளம் நீங்கள் வாங்கியதில் பாதிகூடத் தேறாது. அதை மறைத்து உங்களை அழைக்க மனம் வரவில்லை. நெல்லுக்கும் கெட்ட வருடம் வரும். ஆனால் பக்கத்தில் மீன்பிடிப் படகுகள் இருக்கின்றன, ரவாங்கில் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஒன்று படுத்தால் இன்னொன்றில் போய்க் கேட்கலாம். மீரியில் மறுபடி வேலை வந்தால் திரும்பிப் போகலாம். அப்போது இரண்டு பேராகப் போவோம்.

ஆவணித் தேதியை மாற்றவில்லை. நேற்று கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுத்தோம். உங்கள் பெயருக்குக் கீழே கம்பெனிப் பெயரைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும் என்று பாலன் சித்தப்பா ஒரே பிடிவாதம். "எண்ணெக் கம்பெனி மாப்பிள்ளைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே, என் மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?" என்றார். பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காத நான், பென்சிலை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டேன். இப்போது உங்கள் பெயர் மட்டும் இருக்கிறது. பக்கத்தில் என் பெயர்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். விமானச் சீட்டு எடுத்ததும் எந்த நாள் என்று ஒரே ஒரு வரி போடுங்கள். சுபாங் விமான நிலையத்துக்கு அப்பாவோடு நானும் வருவேன்.

உங்கள்
நவமணி