அவர்கள் ஏன் பயமில்லாமல் வாழ்கிறார்கள்?

என்னைப் 'பாப்பா' என்று கூப்பிட இப்போது யாரும் இல்லாமல் செய்துவிட்டுப் போன என் அப்பாவுக்கு,

இன்று மத்தியானம் கண்டியிலிருந்து போன் வந்தது. நான் பிள்ளைக்காம்பராவில், மலைக்கு வேலைக்குப் போன தாய்மாரின் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். பரீட்சையில் தெரிவாகிவிட்டீர்கள், புதன்கிழமை நேர்முகத்துக்கு வாருங்கள் என்று ஒரு பெண் சொன்னார். எனக்கு 'ம்' என்று மட்டும்தான் வந்தது. போனை வைத்த பிறகு பருப்பை ஒரு குழந்தையின் சட்டையில் கொட்டிவிட்டேன்.

அம்மாவுக்குச் சந்தோஷம். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. அதை இங்கே யாரிடமும் சொல்ல முடியவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். வேறு யாராவது வாசித்தால் வாசிக்கட்டும்.

உங்களுக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். நீங்கள் போன பிறகு அம்மா காய்ச்சலில் படுத்துவிட்டார். தங்கச்சியைப் பார்க்க நான் வீட்டில் நின்றேன். அம்மாவுக்குச் சுகமானதும் போகலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று வகுப்பில் எழுப்பிக் கேட்பார்களே என்று வெட்கமாகிவிட்டது. இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளித் தள்ளியே அது முடிந்துபோனது. நீங்கள் இருந்திருந்தால் திட்டியிருப்பீர்களா? இல்லை, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்களா?

இப்போது அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் நான் பிள்ளைக்காம்பராவில் உதவிக்கு நிற்கிறேன். குழந்தைகளோடு எனக்கு வெட்கம் கிடையாது. அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை முறையாகப் படிக்க கண்டி டவுனில் ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறது. தங்க இடமும் கொடுக்கிறார்கள். அதில் சேர ஆங்கிலப் பரீட்சை ஒன்று எழுத வேண்டும். அது கிடைக்காவிட்டால் நான் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போக வேண்டும். பெரியம்மா ஏற்கெனவே ஆள் பார்த்துப் பேசி வைத்திருக்கிறார். அந்த வீட்டுக்காரர்களை நான் கண்டது கூட இல்லை.

கிளேர் மிஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அயர்லாந்திலிருந்து சம்பளம் வாங்காமல் நம்முடைய தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்க வந்தவர். பின்னேரங்களில் கோயில் மண்டபத்தில் எனக்கும் சொல்லிக்கொடுத்தார். நான் வாயைத் திறக்காததால் முதலில் என்னை ஊமை என்றே நினைத்திருக்கிறார். ஒருநாள் குழந்தை ஒன்றை நான் அதட்டியதைக் கேட்டுத்தான் எனக்குக் குரல் இருப்பது அவருக்குத் தெரிந்தது.

மிஸ் வந்த புதிதில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தவணைப் பரீட்சை நடந்தது. தாள் எங்கிருந்தோ அச்சடித்து வரும், எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே தாள். அதில் வாசித்து விடை எழுத ஒரு பந்தி, ஒரு பையன் சந்தைக்குப் போவதைப் பற்றி. கீழே, அவனுடைய தங்கையின் பெயர் என்ன என்று கேள்வி. பந்தியில் தங்கையே இல்லை. மிஸ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதிபரிடம் போனார். அதிபர் சிரித்தாராம். "அது மாலா, மிஸ். பழைய தாள்ல இருந்திச்சி. திருப்பி டைப் அடிக்கிறப்ப அந்த வரி விட்டுப்போச்சி. புள்ளைங்களுக்கெல்லாம் தெரியும், நீங்க பயப்புடாதீங்க."

உண்மைதான். எல்லாப் பிள்ளைகளும் மாலா என்று எழுதியிருந்தார்கள். நான் படித்த காலத்திலும் மாலாதான். மேல் வகுப்புப் பிள்ளைகள் கீழ் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். அன்று பின்னேரம் கோயில் மண்டபத்தில் மிஸ் எங்களைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை, ஏதோ இருட்டில் கால் வைத்த ஆளைப் போல இருந்தார்.

பயிற்சி நிலையத்தின் பழைய தாள்கள் இன்னும் மோசம். சில கேள்விகளுக்கு இரண்டு விடை சரி, சிலவற்றுக்கு ஒன்றும் சரியில்லை. மிஸ் ஒரு தாளுக்குத் தானே விடை எழுதி, அவர்கள் கொடுத்திருக்கும் விடையோடு திருத்திப் பார்த்தார். பாஸாகவில்லை. பிறந்ததிலிருந்து பேசுகிற பாஷையில் பெயில். இது லயத்து வீட்டு வரிசை முழுக்கப் பரவிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "வெள்ளக்காரியே பெயிலாம், இவ போயி கிழிக்கப்போறாளாம். பேசாம கொழும்புக்குக் கெளம்புடி." நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் குடத்தைப் பாதி நிரம்பியபடியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிழையான கேள்விகளை மிஸ் கோடு போட்டு வெட்டினார். இவற்றைப் படிக்காதே, இவை உன் மூளையைக் கெடுக்கும் என்றார். எனக்கு அந்தக் கோட்டைப் பார்க்கவே பயம். பரீட்சையில் அந்தக் கேள்விகள்தானே வரும்? மிஸ் போன பிறகு, வெட்டிய கேள்விகளுக்கு அவர்கள் என்ன விடை எதிர்பார்க்கிறார்கள் என்று பார்த்து அதையும் பாடமாக்கினேன். போகப் போக ஒன்று பிடிபட்டது. எது அழகாக இருக்கிறதோ, எது யாரையும் குறை சொல்லவில்லையோ, அதுதான் விடை.

பரீட்சை அன்று விடியவே மடுல்கெல்லையிலிருந்து கண்டிக்குப் பஸ் ஏறினேன். மண்டபத்தில் எல்லோரும் என்னைவிட நன்றாக உடுத்தியிருந்தார்கள். தலைக்கு மேலே பழைய மின்விசிறி ஒன்று ரீங்காரமிட்டுக்கொண்டே சுற்றியது. அப்பா, அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. நீங்கள் மேல் மலைக்குத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போய், குளவி கொட்டி, கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எங்களை விட்டுப் போன நாளிலிருந்து ஆகாது. மோட்டார் சைக்கிள் தூரத்தில் வந்தாலும் தங்கச்சியை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடுகிறேன்.

மூன்றாவது பக்கத்தில் அது இருந்தது. தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஒரு பந்தி. பச்சை மலை, பனி, கூடை சுமந்த பெண்கள், படம் பிடிக்க வரும் வெளியூர்க்காரர்கள். கீழே கேள்வி: அங்கே வேலை செய்பவர்கள் ஏன் பயமில்லாமல் வாழ்கிறார்கள்? நான்கு விடைகள். மலைகள் அழகாக இருப்பதால். காற்று சுத்தமாக இருப்பதால். தோட்டம் அவர்களைப் பாதுகாப்பதால். அவர்களுக்கு ஆசைகள் குறைவு என்பதால்.

பந்தியை மறுபடி மறுபடி வாசித்தேன். பயம் உண்டு என்றும் அதில் எழுதவில்லை, கிடையாது என்றும் எழுதவில்லை. அந்த விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, கையைத் தூக்கிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் தூக்காத கை.

மேற்பார்வைக்கு நின்ற சேர் பக்கத்தில் வந்து குனிந்தார். "என்ன மகள், தாள் கிழிஞ்சிருக்கா?"

"இல்ல சேர். இந்தக் கேள்விக்கு... இதில விடை இல்ல."

அவர் கோபப்படவில்லை. "விடை இல்லாத கேள்விய யாரும் அச்சடிப்பாங்களா? நாலு இருக்கே, ஒன்டப் போடுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். முகம் கொதித்தது. கொழும்பு வீட்டை நினைத்தேன். அவர்களுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்றாவதைப் போட்டேன். தோட்டம் பாதுகாப்பதால். பென்சில் முனை ஒடிகிற அளவுக்கு அழுத்திப் போட்டேன்.

அன்று பின்னேரம் மிஸ் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். அந்தக் கேள்வியைச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டார். நானாக இருந்தால் வெறுமையாக விட்டிருப்பேன், உண்மையில்லாததற்குக் கை வராது என்றார். மிஸ்ஸிடம் நான் எதிர்த்து ஒன்றும் பேசியதில்லை. அன்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்: "ஒங்களுக்கு ஊருக்குப் போக டிக்கட் இருக்கு மிஸ்."

அவருக்கு விளங்கியது. பிறகு, நீ சொன்னது சரி, அதை நான் யோசிக்கவில்லை என்றார். பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லிக்கொடுத்து, அதனாலேயே அவர்கள் பெயிலானால் என்ன செய்வது என்று வந்த நாளிலிருந்து பயந்துகொண்டிருக்கிறாராம். இவ்வளவு பெரிய ஆளும் பயப்படுவார் என்று நான் நினைக்கவில்லை.

அம்மாவிடமும் சொன்னேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டார், திரும்பிப் பார்க்கவில்லை.

"போட்டா போட்டதுதான். ஒங்கப்பா வந்து கேக்கவா போறாரு? நாளைக்கு நானும் அதே மலைக்குத்தான ஏறணும். பயமில்ல, பயமில்லன்னு சொல்லிக்கிட்டுத்தான ஏறுறேன்."

அம்மாவுக்குப் பயம் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது அப்பா. உங்களுக்குத் தெரிந்திருந்ததா? உங்களுக்கும் இருந்ததா? காலையில் கத்தியை எடுத்துக்கொண்டு போகும்போது நீங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு போனீர்களா?

இப்போது தெரிவாகிவிட்டேன். அந்த ஒரு விடையால்தானா, இல்லாவிட்டாலும் ஆகியிருப்பேனா, அது எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. புதன்கிழமை மூன்று பேர் முன்னால் உட்கார வேண்டுமாம். உன் இடத்தைப் பற்றிச் சொல், உன் குடும்பத்தைப் பற்றிச் சொல் என்று ஆங்கிலத்தில் கேட்பார்களாம். மிஸ் அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போகிறார், விசா முடிகிறது. நான் தனியாகத்தான் போக வேண்டும்.

பச்சை மலை, பனி என்று சொன்னால் அவர்கள் தலையாட்டுவார்கள். அந்த வசனமெல்லாம் எனக்குப் பாடம். உங்களைப் பற்றிச் சொன்னால் முகம் சுளிப்பார்களா? தோட்டத்தைக் குறை சொல்கிற பிள்ளை வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்களா? பிறகு பெரியம்மா என் பையைக் கட்டிவிடுவார். இதை நினைத்து நினைத்து இன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

ஆனாலும் அங்கே நான்கு விடைகள் இருக்காது அப்பா. வாயைத் திறந்தால் எது வருகிறதோ அதுதான். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் அப்பா குளவி கொட்டிச் செத்துப்போனார், என் அம்மா இன்றைக்கும் அந்த மலைக்குப் போகிறார், நாங்கள் பயத்தோடுதான் இருக்கிறோம் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன். குரல் நடுங்கும். வசனம் பிழைக்கும். பயம் போன பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட மாட்டேன், அது போகிற மாதிரித் தெரியவில்லை. பயந்துகொண்டே சொல்லிவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பயந்தாங்கொள்ளி மூத்த மகள்
சசிகலா